முப்பத்தொரு நாள் துடக்கு

இன்று காலை எங்கள் வீட்டில் தேயிலை முடிந்துபோயிருந்தது. நேற்று நம் கூட்டம் நடந்த மண்டபத்து அலுமாரியிலிருந்து எடுத்து வந்த உங்களுடைய தேயிலைப் பெட்டியை உடைத்தேன். கொதிதண்ணீர் பட்டதும் குசினி முழுக்க அந்த மணம் எழும்பியது. கருகின பாணும் ஈர மரமும் கலந்தாற்போல ஒரு மணம். இருபது வருஷமாக நாம் இரண்டு பேரும் சண்டை பிடித்தது இதைப் பற்றித்தான். எங்கள் மலைநாட்டுத் தேயிலைதான் திறம் என்று நான் சொல்லுவேன். "தேயிலை உன்ரை நாட்டிலை விளையட்டும். ஆனா தேத்தண்ணி குடிக்கத் தெரிஞ்ச சனம் நாங்கள்தான்" என்று நீங்கள் சொல்லுவீர்கள். டொச் ஆட்கள், அதுதான் இந்த ஜேர்மன் சனம், தண்ணீருக்குத் தேயிலையைக் காட்டிவிட்டு உடனே எடுத்துவிடுகிறார்கள் என்று நக்கலடிக்கும்போது மட்டும் நமக்குள் நல்ல ஒற்றுமை. இன்று அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். என் மனுசன் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அக்கா, நேற்று பெப்ரவரி முதலாம் திகதி. உங்களுடைய நாள். நீங்கள் இல்லாமல் நடந்த முதலாவது கூட்டம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழில் தெரிந்தவை மூன்றே மூன்று: ஆமாம் என்பதற்கு ஓம், முடியாது என்பதற்கு ஏலாது, விடைபெறும்போது போட்டு வாறன். இருந்தாலும் எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது. நாம் கதைத்த டொச் எல்லாம் என் நினைவில் எங்கள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது. அது கிடக்கிறபடியே எழுதுகிறேன். டொச்சில் உங்களைப் பெயர் சொல்லிச் சரிக்குச் சரியாகக் கூப்பிட்டவள்தான் நான். தமிழில் அதற்குக் கை வரவில்லை. இங்கே டோர்ட்மண்டில் உள்ள எங்கள் பெண்கள் எல்லாம் உங்களுக்கு வைத்த பெயர் ஐரிஷ் அக்கா. நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

நாம் சந்தித்தது அந்த முதியோர் இல்லத்தின் குசினியில். நீங்கள் மேலே தாதி, நான் கீழே உருளைக்கிழங்கு உரிக்கிறவள். ஒருநாள் நான் சட்டியில் பாலும் தேயிலையும் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினீர்கள். "கடவுளே, கடைசியா ஒரு மனுசி" என்றீர்கள். அன்று முதல் உங்கள் இடைவேளை எல்லாம் என் குசினியில் கழிந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து இருபத்துநாலு வயதில் வேலைக்கு வந்து, இரண்டு வருஷத்தில் திரும்பிப் போகிறேன் என்று தாய்க்கு எழுதிவிட்டு, இருபத்தைந்து வருஷம் இங்கேயே இருந்துவிட்டதைச் சொன்னீர்கள். நானும் யுத்தம் முடியப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டு இருந்தவள்தான். அதனால் உங்களுக்கு நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கோப்பை ஊற்றித் தந்தேன்.

முதன்முதல் என்னை மண்டபத்துக்குக் கூட்டிப் போனபோது எட்டுப் பெண்கள் இருந்தோம். பெப்ரவரி முதலாம் திகதி உங்கள் ஊரில் பிரிஜிட் என்ற புனிதவதியின் நாள், பெண்களின் நாள் என்றீர்கள். கால்வாய்க் கரையில் கோரை வெட்டி வந்து நாலு கை வைத்த சிலுவை ஒன்று பின்னிக் கதவில் மாட்டியிருந்தீர்கள். முதல்நாள் பின்னேரம் யன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி விட்டிருந்தீர்கள். அந்தப் புனிதவதி போகிற வழியில் அதைத் தொட்டுவிட்டுப் போவா, பிறகு அந்தத் துணியைத் தலையிடிக்குக் கட்டலாம் என்று சொல்லி, நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். திருநீற்றுக் குடுவையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிற நான் எப்படிச் சிரிப்பது? எனக்கும் ஒரு துண்டு கிழித்துத் தாங்கோ என்று கேட்டேன்.

பிரிஜிட்டின் மேலாடைக் கதையை ஒவ்வொரு வருஷமும் சொல்லுவீர்கள். ஏழைகளுக்கு ஒரு இடம் கட்ட அரசனிடம் காணி கேட்டாவாம். அவன் மறுத்தானாம். என் மேலாடை மூடுகிற அளவாவது தா என்றாவாம். சரியென்று அவன் சிரித்தபடி சொல்ல, நாலு பெண்கள் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டு ஓட, அந்த மேலாடை விரிந்து விரிந்து வயல்வெளி முழுவதையும் மூடிவிட்டதாம். "மேலாடையை விடு. பிடிச்சுக்கொண்டு ஓடின அந்த நாலு பெட்டையளையும் பார்" என்று முடிப்பீர்கள். இரண்டறை வீட்டுக்கு விண்ணப்பம் போட்டு ஆறு வருஷம் காத்திருந்த நான், அந்த மேலாடையை எங்களுக்கும் ஒரு கிழமைக்கு இரவல் தரச் சொல்லுங்கோ என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் கோப்பை கவிழ்ந்தது.

உங்கள் கூட்டத்துக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, "இஞ்சை விருந்தாளி எண்டு ஒருத்தரும் இல்லை." வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். மற்றது, ஒவ்வொருவரும் தன் ஊரில் மற்றவர்களை இழுத்துக்கொண்டு முன்னே போன ஒரு பெண்ணைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். பெயர்பெற்றவர்கள் வேண்டாம் என்பீர்கள். நீங்கள் சொன்னது, கடலுக்குப் போனவன் திரும்பி வராத வீடுகளுக்கு அடுத்த நாளே சோடாப் பாண் சுட்டு எடுத்துக்கொண்டு போய், அந்த வீட்டில் இருந்து கதைத்துவிட்டு வருகிற ஒரு மனுசியைப் பற்றி. அவ போன பிறகுதான் மற்ற வீடுகளும் கதவு திறந்து வருமாம். போலந்துப் பெண்கள் சொன்னார்கள், துருக்கிப் பெண்கள் சொன்னார்கள், எங்கள் ஆட்களும் சொன்னார்கள். எட்டுப் பேர் என்பது எண்பது பேராக வளர்ந்தது. நான் மட்டும் ஒரு வருஷமும் சொல்லவில்லை. என் முறை வருகிற நேரம் பார்த்து ரோல்ஸ் பொரிக்கக் குசினிக்குள் போய்விடுவேன். எண்ணெய் காய்ந்து போய்விடும் என்பேன்.

ஒருமுறை டொச் வகுப்பைப் பின்னேரம் ஆறு மணிக்கு வைத்துவிட்டார்கள். அந்த நேரம் துப்புரவு வேலைக்குப் போகிற பெண்கள் யாரும் வர முடியாது. கடிதம் எழுதினால் பதில் வர மாரி முடிந்துவிடும் என்று சொல்லி, நீங்கள் ஒன்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனீர்கள். டெர்மின், அதாவது முன்கூட்டி நேரம், எடுக்காமல் இந்த நாட்டில் பல்லுக்கூடப் பிடுங்க முடியாது. நாங்கள் டெர்மின் இல்லாமல் பத்துப் பேர் வரிசையாக இருந்தோம். நீங்கள் சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து, அங்கே காத்திருந்த முன்பின் தெரியாத ஆட்களுக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீர்கள். கடைசியில் ஒரு அதிகாரி அம்மா வெளியே வந்து, உங்களில் யார் தலைவி என்று கேட்டா. நீங்கள் என்னைக் காட்டினீர்கள். நான் உங்களைக் காட்டினேன். இரண்டு பேரையும் உள்ளே வரச் சொன்னா. வகுப்பு காலை ஒன்பது மணிக்கு மாறியது, பிள்ளைகளை விட ஒரு அறையும் கிடைத்தது. ஆனால் நான் உள்ளே வாயே திறக்கவில்லை.

திரும்பி வரும்போது டிராமில் உங்களுக்குக் கோபம். அவ்வளவு கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அந்த வகுப்பு ஆருக்கு? எனக்கோ? குசினி வேலை முடிச்சுப் பின்னேரம் துப்புரவுக்குப் போறது நீ. நீ சொல்லியிருக்க வேணும்."

"எனக்குக் கதைக்க ஏலாது அக்கா."

"என்னோடை மணித்தியாலக் கணக்கிலை கதைக்கிறாய்தானே?"

"நீங்கள் சிரிக்க மாட்டியள். அதாலை கதைக்கிறன்."

உங்கள் மொழியைப் பற்றிப் பிறகு ஒருநாள் சொன்னீர்கள். அந்தக் காலம் உங்கள் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் அதைப் பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்ததாம். சனங்கள் பயந்து பயந்து வாயை மூடி, கடைசியில் உங்களுக்குக் கிடைத்தது ஒரு செபமும் சில சொற்களும் மட்டும்தான். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் மண்டபத்தில் பாட்டுப் படித்த அன்று நீங்கள் வெளியே போய் நின்று அழுததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. "பயத்திலை வாயை மூடினா என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்" என்றீர்கள். அது எனக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

அதன்பிறகு அந்த இலையுதிர் காலம். உங்களுக்கு வருத்தம், உடம்புக்குள் நோய் என்று சொன்னீர்கள். எவ்வளவு தூரம் முற்றிய வருத்தம் என்று சொல்லவில்லை. தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே, "வாற முதலாம் திகதி நீதான் வரவேற்புச் சொல்லுறாய். நான் முன் வரிசையிலை இருந்து பாக்கப்போறன்" என்றீர்கள். இருபது வருஷமாக அந்த வரவேற்பை உங்களைத் தவிர யாரும் சொன்னதில்லை. நான் ஓம் என்றேன். என் மகள் டொச்சில் எழுதித் தந்தாள். பதினொரு வசனம். அல்டன்ஹைம் குசினியிலும் டிராமிலும் குளியலறையிலும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். அல்டன்ஹைம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த அதே முதியோர் இல்லம்தான்.

போன வருஷம் அந்த நாளுக்குப் பத்து நாள் இருக்க, ரொறொன்ரோவில் என் மனுசனின் ஒன்றுவிட்ட அண்ணை இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. தகப்பன் வழிச் சொந்தம். எங்கள் வழக்கப்படி முப்பத்தொரு நாள் துடக்கு, சாவீட்டுத் தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, கலியாணத்துக்குப் போகக்கூடாது, விளக்கு ஏற்றக்கூடாது. அந்த மனிதரை நான் வாழ்நாளில் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன். செய்தியைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை அக்கா. நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியது. இதை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

"துடக்கு கோயிலுக்குத்தானப்பா. மண்டபத்துக்குப் போறதுக்கு என்ன? நான் வேலைக்குப் போறன்தானே? நீர் போட்டு வாரும்" என்று என் மனுசன் சொன்னார்.

"அங்கை மெழுகுதிரி கொளுத்துறவை. நான் முன்னுக்கு நிண்டு கொளுத்த ஏலாது" என்றேன். சாத்திரம் தெரிந்தவள் மாதிரி அவருக்கே விளக்கம் சொன்னேன்.

உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று. அடுத்த நாள் மத்தியானம் அழைப்புமணி அடித்தது. பொல்லை ஊன்றிக்கொண்டு, இரண்டு டிராம் மாறி, துணியில் சுற்றிய சோடாப் பாணோடு வாசலில் நிற்கிறீர்கள். உங்கள் ஊர் வழக்கம் அது. செத்த வீடு என்றால் ஓடிப் போய் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து போய் நிறுத்தினேன். நீங்கள் கறுப்புச் சட்டை போட்டிருந்தீர்கள்.

செத்தவரின் படம் எங்கே என்று கேட்டீர்கள். எங்களிடம் படம் இல்லை. என் மனுசன் தன் கைத்தொலைபேசியில் தேடி ஒன்றைக் காட்டினார். ரொறொன்ரோவில் யாரோ பிள்ளையின் பிறந்தநாளில் கடதாசித் தொப்பி போட்டுக்கொண்டு அவர் நிற்கிற படம். அதற்கு முன்னால் நீங்கள் சிலுவை போட்டீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "அவர் எப்பிடிப்பட்ட ஆள்? சொல்லு" என்றீர்கள். எனக்கு ஒன்றுமே தெரியாது. என் மனுசன்தான் கைகொடுத்தார். "சின்னனிலை சீட்டு விளையாட்டிலை கள்ளாட்டம் ஆடுவார்" என்றார்.

"நல்லது. அப்பிடி ஒரு ஆள் எண்டால் எங்கடை ஊரிலை இரண்டு நாள் இருந்து கதைப்பினம்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் உண்மையாகவே இரண்டு மணித்தியாலம் இருந்தீர்கள். உங்கள் மணிக்கட்டில் கடிகாரம் முழங்கைவரை வழுகிப் போவதை நான் கண்டேன். கண்டும் ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் கேட்டீர்கள். "பயமோ?"

"இல்லை அக்கா. துடக்கு."

நீங்கள் நிமிர்ந்து என் கன்னத்தில் ஒருமுறை தட்டினீர்கள். போட்டு வாறன் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டீர்கள். சாவீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு போகக்கூடாது, பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும் என்று எப்போதோ ஒரு நாள் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் அதை மறக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போனீர்கள். நாம் பார்த்துக்கொண்டது அதுதான் கடைசி.

முதலாம் திகதி நான் வீட்டில் இருந்தேன். இருநூறு ரோல்ஸ் பொரித்து மகளிடம் கொடுத்துவிட்டேன், அவள் மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டு வந்துவிட்டாள். துடக்கு வீட்டில் சமைத்ததைக் கொண்டாட்டத்துக்கு அனுப்பக்கூடாது என்பது சாத்திரம் தெரிந்த எனக்கு அன்று மறந்துபோனது. என் பொய் அங்கேயே பல்லிளித்துவிட்டது. அதன்பிறகு உங்கள் முகத்தில் விழிக்க வெட்கம். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டும், துடக்குக் கழிந்த பிறகு போகிறேன் என்று நாளைத் தள்ளினேன். துடக்கு ஆட்கள் நோயாளியைப் பார்க்கக்கூடாது என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது? துடக்குக் கழிய நாலு நாள் இருக்க நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் தம்பி வந்து உங்களைக் கடற்கரை ஊருக்கே கொண்டுபோய்விட்டார். நான் கேட்டிருந்தால் எனக்கும் விமானத்தில் இடம் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

போன மாதம்தான் லூசியா எனக்கு அதைச் சொன்னா. முடி வெட்டுகிற அந்தப் போர்த்துக்கல் பெண், உங்களுக்குத் தெரியாதா, கூட்டத்தில் எப்போதும் கதிரை அடுக்குகிறவ. நாங்கள் இரண்டு பேரும் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டு நிற்கும்போது, போன வருஷ வரவேற்பு எப்படி இருந்தது என்று சாட்டுக்குக் கேட்டேன். நீங்கள்தான் சொல்லியிருப்பீர்கள் என்று ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"வரவேற்பு நடக்கேல்லை" என்றா லூசியா. "நேரே பாட்டோடை தொடங்கிச்சுது. வரவேற்பு இந்த முறை கடைசியிலை எண்டு அவ சொன்னவ. கடைசியிலை எழும்பினா. கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டா. 'எங்களை வரவேற்க வேண்டியவ இன்னும் வந்துகொண்டிருக்கிறா' எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டா. நாங்கள் பகிடியெண்டு நினைச்சுச் சிரிச்சுப்போட்டு வீட்டை போனம்."

நான் வரமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, நீங்களும் எடுக்கவில்லை. கூட்டின இடத்தையே நான் திரும்பவும் கூட்டினேன். இந்த வருஷம் வரவேற்பு ஆர் சொல்லுறது என்று லூசியா கேட்டா. நான் சொல்லுறன் என்றேன். அவ நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

நேற்று மேடை ஏறினேன். புதிதாக எழுதிய நாலு வசனத்தைச் சொன்னேன். மூன்றாவதில் ஒரு சொல் வரவில்லை, லூசியா கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தா. ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு என் முறை வந்தபோது குசினிக்குள் ஓடவில்லை. எனக்குத் தெரிந்த, மற்றவர்களை இழுத்துக்கொண்டு போன பெண் என்று உங்களைப் பற்றிச் சொன்னேன். டெர்மின் இல்லாமல் போன கதையைக் கேட்டு எல்லோரும் கை தட்டினார்கள். மேலாடைக் கதையை லூசியா சொன்னா. அரசனை உங்களைவிடக் கூடுதலாகத் திட்டினா.

எல்லாம் முடிந்து சனங்கள் எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடியும் மேலே போனேன். போன வருஷம் பாடமாக்கின பதினொரு வசனமும் அப்படியே நாக்கில் இருந்தன. இன்று இங்கே வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம் என்று தொடங்கினேன். போகப் புறப்பட்டவர்கள் ஒன்றும் விளங்காமல் நின்றார்கள். ஒரு வயதான அம்மா கோட்டோடு திரும்ப இருந்தா. இது போன வருஷத்து வரவேற்பு என்று யாருக்கும் சொல்லவில்லை. லூசியா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. பதினோராவது வசனம் இது: "இந்த நாளை எங்களுக்குத் தந்த பெண் இதோ முன் வரிசையில் இருக்கிறார், முதல் வணக்கம் அவருக்கு." அதை மாற்றிச் சொல்லலாமா என்று வாய் ஒரு கணம் தயங்கியது. மாற்றவில்லை. எழுதியிருந்தபடியே சொன்னேன். சிலர் முன் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை அக்கா. நேற்று இரண்டு தரமும் அதைச் சுமந்துகொண்டுதான் ஏறினேன், அடுத்த வருஷமும் அது கூட வரும். ஆனால் இனி யாராவது வாசலில் நின்று பயமோ என்று கேட்டால், ஓம் என்று சொல்லுவேன்.